காற்றில்லாத ஸ்டெப்னி: 'மாற்று கேட்வே' என்னும் மூடநம்பிக்கை

வங்கியாகட்டும், மருத்துவமனையாகட்டும், கல்லூரியாகட்டும், நெட்வொர்க் வரைபடத்தை எடுத்துக் காட்டச் சொன்னால் நடுவில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் நிற்கும். ஒன்றின் மேல் 'ஆக்டிவ்' என்றும், இன்னொன்றின் மேல் 'ஸ்டாண்ட்பை' என்றும் எழுதியிருக்கும். "ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும், கவலையே வேண்டாம்" என்று விற்க வந்தவர் சொல்லியிருப்பார். நிர்வாகி தலையாட்டியிருப்பார். காசோலையில் கையெழுத்தும் விழுந்திருக்கும். "சரி, அந்த இரண்டாவது பெட்டி நிஜமாகவே எடுத்துக்கொள்கிறதா என்று யாராவது சோதித்தீர்களா?" என்று கேட்டால்தான் அறையில் திடீரென்று அமைதி நிலவும். ஆளாளுக்கு மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

லாரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் படித்த பொறியாளர்களைவிட விவரம் அதிகம். வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. தட்டிப் பார்த்து அதில் காற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காற்றில்லாத ஸ்டெப்னியோடு கிளம்புவதும் ஸ்டெப்னியே இல்லாமல் கிளம்புவதும் ஒன்றுதான். சொல்லப்போனால் முதலாவதுதான் ஆபத்து. ஸ்டெப்னி இல்லாதவன் மெதுவாக, ஜாக்கிரதையாக ஓட்டுவான். காற்றில்லாததை வைத்திருப்பவன் தைரியமாக நள்ளிரவில் மலை ஏறுவான்!

சோதித்துப் பார்க்காத மாற்று கேட்வேயும் அப்படித்தான். உலகம் முழுக்க அது அப்படித்தான் விற்கப்படுகிறது, நிறுவப்படுகிறது, பாடமாகவும் நடத்தப்படுகிறது.

முதலில், மேட்டர் என்ன?

நெட்வொர்க் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஓர் அலுவலகத்தில் இருக்கும் கணினி, வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். அந்த வாசல்தான் கேட்வே. சாதாரணக் கணினிக்கு ஒரே ஒரு கேட்வே முகவரிதான் தெரியும், உதாரணமாக 192.168.10.1. அந்த முகவரிக்குச் சொந்தமான ரூட்டர் செத்துப்போனால் பக்கத்திலேயே இன்னொரு ரூட்டர் தேமே என்று உட்கார்ந்திருந்தாலும் கணினிக்கு அது தெரியாது. செத்த வாசலையே தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு 1990களில் கண்டுபிடித்த தந்திரம் அழகானது. இரண்டு ரூட்டர்களும் சேர்ந்து யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொய் முகவரியை (விர்ச்சுவல் ஐபி) உருவாக்குகின்றன. அதற்கு ஒரு பொய்யான மேக் முகவரியும் உண்டு. கணினிகளுக்கு அந்தப் பொய் முகவரியைத்தான் கேட்வே என்று சொல்லித்தருகிறார்கள். இரண்டில் ஒரு ரூட்டர் 'நான்தான் அவர்' என்று அந்த முகவரிக்குப் பதில் சொல்லும். சில விநாடிக்கு ஒருமுறை 'ஹலோ, உயிரோடு இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். ஹலோ நின்றுவிட்டால் அடுத்தவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கணினிகளுக்கு ஆள் மாறியதே தெரியாது.

சிஸ்கோ இதற்கு வைத்த பெயர் எச்எஸ்ஆர்பி. அதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிவிட்டது. அதன் விவரம் 1998 மார்ச்சில் ஆர்எஃப்சி 2281 ஆக வெளிவந்தது. அடுத்த மாதமே, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தரமாக விஆர்ஆர்பி (ஆர்எஃப்சி 2338) வந்தது. அதிலும் சிஸ்கோவின் காப்புரிமை உரிமைகோரல் குறுக்கே நிற்கிறது என்று கடுப்பான ஓப்பன்பிஎஸ்டி ஆட்கள் கார்ப் என்று தாங்களே ஒன்றை எழுதி, 2004இல் தங்கள் 3.5 வெளியீட்டில் சேர்த்தார்கள். ஒரே யோசனைக்கு மூன்று பெயர், ஒன்றோடொன்று பேசாது.

தந்திரத்தில் குறையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மொத்த ஏற்பாடும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. 'பக்கத்து ரூட்டரின் ஹலோ என் காதில் விழுகிறதா?' அவ்வளவுதான். 'அந்த ரூட்டர் வேலை செய்கிறதா?' என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் எல்லாத் துயரமும் தொடங்குகிறது.

பாதி உயிர் போன ரூட்டர்

2016 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் ஒரு ரூட்டர் பழுதானது. ஒரே ஒரு ரூட்டர்! அடுத்த சில நாட்களில் 2000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஆயிரக்கணக்கானவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துத் தூங்கினார்கள். மாற்று ஏற்பாடு இல்லாத ஏழை நிறுவனமா அது? இல்லவே இல்லை. மாற்று ஏற்பாடு இருந்தது. ஆனால் அந்த ரூட்டர் முழுசாகச் சாகவில்லை, பாதிதான் செத்தது. அதனால் மாற்று அமைப்பு விழித்துக்கொள்ளவே இல்லை என்று நிறுவனமே பிறகு விளக்கியது.

பாடப்புத்தகத்தில் ரூட்டர் எப்போதும் கண்ணியமாகச் சாகும். 'சட்'டென்று மின்சாரம் போகும், ஹலோ நிற்கும், 10 விநாடியில் அடுத்தது எழுந்துவிடும். நிஜத்தில் சாவு அப்படி வருவதில்லை. மின்விசிறி ஓடும், விளக்கு பச்சையாக எரியும், உள்பக்கத்து வயரில் ஹலோ கச்சிதமாகப் போய்க்கொண்டிருக்கும். வெளியுலகத்துக்குப் போகும் பக்கம் மட்டும் செத்துக் கிடக்கும். ஸ்டாண்ட்பை ரூட்டர் 'அண்ணன் நல்லா இருக்காரு' என்று நிம்மதியாகத் தூங்கும். கணினிகள் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஆக்டிவ் ரூட்டருக்குப் போய்க் குப்பையில் விழும்.

இதற்கு மருந்து இருக்கிறது. 'ட்ராக்கிங்' என்று பெயர். வெளிப்பக்கத்து வயர் அறுந்தால் ரூட்டர் தன் முன்னுரிமை எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் மருந்தை வாங்கி அலமாரியில் வைத்தால் காய்ச்சல் போகுமா?

கழித்தல் கணக்கில் தோற்கும் பொறியாளர்கள்

எச்எஸ்ஆர்பியில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் முன்னுரிமை 100. எண் பெரியவர் ஆக்டிவ். நடைமுறையில் முதல் ரூட்டருக்கு 120 என்று வைத்துவிட்டு, இரண்டாவதை 100லேயே விட்டுவிடுவார்கள். பிறகு ட்ராக்கிங்கும் போடுவார்கள். எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது தானாகக் குறைப்பது 10.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிவயர் அறுந்தது. 120இல் 10 போனால் 110. எதிராளிக்கு 100. யார் பெரியவர்? செத்த ரூட்டர்தான்! வெளியே போக வழியில்லாத ரூட்டரே தொடர்ந்து சிம்மாசனத்தில் இருக்கும். ட்ராக்கிங் கட்டளை கான்ஃபிகரேஷனில் அழகாகத் தெரியும், தணிக்கைக்கு வருபவர் டிக் அடித்துவிட்டுப் போவார். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

சரி, 30 குறையட்டும் என்று திருத்தினால்? 90 ஆகிவிடும். எதிராளியின் 100 பெரியது. இப்போதாவது மாறுமா? மாறாது! ஏனென்றால் எச்எஸ்ஆர்பியில் 'ப்ரீயெம்ப்ட்' என்னும் அனுமதி தானாக வராது. தன்னுடைய எண் பெரியதாகவே இருந்தாலும், 'எழுந்திரு, இது என் நாற்காலி' என்று சொல்லும் உரிமையை ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை முதல் ரூட்டரில் மட்டும் போடுவார்கள். ராஜா திரும்பி வந்தால் நாற்காலி கிடைக்க வேண்டுமே என்ற பாசம். ஆனால் ராஜா நோயாளியான நேரத்தில் நாற்காலியைப் பிடுங்க வேண்டியவர் இரண்டாமவர். அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்க மறந்துவிடுவார்கள்.

விஆர்ஆர்பியிலோ இது தலைகீழ். அங்கே ப்ரீயெம்ப்ட் தானாகவே இருக்கும். ஒரு கம்பெனிப் பெட்டியில் மனப்பாடம் செய்தவர் இன்னொரு கம்பெனிப் பெட்டிக்கு முன்னால் உட்காரும்போது அவருடைய அனுபவமே அவருக்கு எதிரியாகிவிடுகிறது.

வயர் அறுந்தால் விளக்கு அணையும் என்பதும் நம்ப முடியாத விஷயம். பல இடங்களில் இணையச் சேவை ஃபைபரில் வந்து, ஒரு மீடியா கன்வெர்ட்டர் வழியாகச் சாதாரண வயராக மாறி ரூட்டருக்குள் நுழையும். தெருவில் ஜேசிபி ஃபைபரை வெட்டினாலும் கன்வெர்ட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள ஒன்றரை அடி வயர் உயிரோடுதான் இருக்கும். விளக்கு பச்சைதான். வயரைக் கண்காணிக்கும் ட்ராக்கிங்கும் 'எல்லாம் நலம்' என்றுதான் சொல்லும். தாண்டி வெளியே இருக்கும் ஒரு முகவரியைத் தொடர்ந்து பிங் செய்து, பதில் வரவில்லையென்றால் முன்னுரிமையைக் குறைக்கும்படி அமைத்தால்தான் இது பிடிபடும். அந்த வசதி பெட்டியிலேயே இருக்கிறது. உபயோகிக்கத்தான் ஆளில்லை.

அவசரக் குடுக்கை

ப்ரீயெம்ப்டை இரண்டு பக்கமும் போட்டாயிற்று. அப்பாடா? இன்னும் இல்லை. மின்சாரம் போய் வந்த முதல் ரூட்டர் எழுகிறது. உள்பக்கத்து வயர் சில விநாடிகளில் உயிர் பெறும். உடனே 'நான் வந்துவிட்டேன்' என்று நாற்காலியைப் பிடுங்கும். ஆனால் வெளியுலகத்துக்குப் போகும் வழிகள் அதற்கு இன்னும் தெரியாது. ஓஎஸ்பிஎஃப்போ பிஜிபியோ பக்கத்து ரூட்டர்களோடு பேசி, பாதைகளைக் கற்றுக்கொள்ள நேரமாகும். பிஜிபி என்றால் நிமிடக் கணக்கில்கூட ஆகலாம். அதுவரை வழி தெரியாத ஆள் வாசலில் நின்றுகொண்டு வருகிற பாக்கெட்டையெல்லாம் தொலைத்துக்கொண்டிருப்பார். நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

வேடிக்கையைப் பாருங்கள்: ரூட்டர் செத்தபோது 10 விநாடி நின்ற சேவை, அது உயிர்த்தெழுந்தபோது 2 நிமிடம் நிற்கிறது! நாற்காலியைப் பிடுங்கும் முன் கொஞ்சம் பொறு என்று சொல்ல ஒரே ஒரு டிலே கட்டளை போதும். ஆனால் செயலிழப்பைச் சோதிப்பவர்களிலும் பலர், பழைய ரூட்டர் திரும்பி வரும் நேரத்தைச் சோதிப்பதில்லை. 'மாறிடுச்சு, ஓகே' என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கீழே ஒரு மரம் இருக்கிறது

கேட்வே மாற்றம் என்பது மாடியில் நடக்கும் விஷயம். தரைத்தளத்தில் ஸ்விட்ச்சுகள் இருக்கின்றன. அங்கேயும் ஒன்றுக்கு இரண்டு வயர் போட்டிருப்பார்கள். இரண்டு வயரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் பாக்கெட்டுகள் வட்டமடித்தே நெட்வொர்க்கைக் கொன்றுவிடும். அதனால் ஸ்பானிங் ட்ரீ என்னும் ஏற்பாடு ஒரு வயரை அடைத்துவைக்கும். பழைய வகை ஸ்பானிங் ட்ரீ அடைத்த வழியைத் திறக்க 30 முதல் 50 விநாடிவரை எடுத்துக்கொள்ளும். மாடியில் கேட்வே 10 விநாடியில் மாறினால் என்ன, 1 விநாடியில் மாறினால் என்ன? கீழே கதவு திறக்கவில்லையே.

அந்த மரத்தின் வேர் (ரூட் ஸ்விட்ச்) ஒரு பெட்டியிலும், ஆக்டிவ் கேட்வே இன்னொரு பெட்டியிலும் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் மூக்கைச் சுற்றித் தொடும். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயர் காரணமே இல்லாமல் பிதுங்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும் என்பது பால பாடம். ஆனால் ஸ்விட்ச்சைப் பார்ப்பவர் ஒருவர், ரூட்டரைப் பார்ப்பவர் வேறொருவர். இருவரும் பேசிக்கொள்வதில்லை, அவர்களுடைய பெட்டிகள் மட்டும் ஹலோ சொல்லிக்கொள்கின்றன :-)

இன்னொரு கூத்தும் உண்டு. சிஸ்கோ பெட்டிகளில் ஏஆர்பி பதிவு 4 மணி நேரம் உயிரோடிருக்கும். ஸ்விட்ச்சின் மேக் பதிவு 300 விநாடியில் காலாவதியாகும். போகும் பாக்கெட் ஆக்டிவ் வழியாகவும் திரும்பி வரும் பாக்கெட் ஸ்டாண்ட்பை வழியாகவும் வந்தால், ஸ்டாண்ட்பைக்கு அந்தக் கணினி யாரென்று தெரியும், ஆனால் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அதன் ஸ்விட்ச் மறந்திருக்கும். அதனால் ஒருவருக்கு வந்த பாக்கெட்டை எல்லா போர்ட்டிலும் கொட்டும். 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று புகார் வரும். இரண்டு பெட்டிகளும் ஆரோக்கியமாக இருக்கும்போதே நடக்கும் கோளாறு இது. மாற்று ஏற்பாடு வைத்ததற்குக் கொடுக்கும் வாடகை!

இதெல்லாம் விநாடிக் கணக்கு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பாஸ்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2002 நவம்பரில் அங்கே பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கியது. ஆண்டுக்கணக்கில் ஸ்விட்ச்சுக்குப் பின்னால் ஸ்விட்ச்சாகக் கோத்துக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டிவிட்டார்கள். ஒரு பெரிய தரவு வெள்ளம் வந்ததும் மரம் சாய்ந்தது. வட்டமடிக்காமல் காக்க வேண்டிய ஏற்பாடே குழம்பி, மாற்று வழிகள் எல்லாம் சுழல்களாகின. ஆய்வக முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் காகிதத்தில் எழுதி, கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியுலகுக்கு விளக்கினார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இப்படி நடந்தால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு வார்த்தைகளோடு கதை முடிந்துவிடும்.

இரண்டு ராஜாக்கள்

ஹலோ காதில் விழாவிட்டால் எதிராளி செத்துவிட்டார் என்று அர்த்தம். இதுதான் விதி. ஆனால் ஹலோ விழாமல் போக வேறு காரணங்களும் இருக்கலாமே? நடுவில் இருக்கும் ட்ரங்க் இணைப்பில் அந்த வி-லேனைச் சேர்க்க ஒருவர் மறந்திருக்கலாம். பாதுகாப்புக்காகப் போட்ட ஒரு வடிகட்டி 224.0.0.2 முகவரிக்குப் போகும் ஹலோக்களையும் சேர்த்து அடைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் கடவுச்சொல் பொருந்தாமல் இருக்கலாம். அப்போது இரண்டுமே 'நான்தான் ராஜா' என்று உட்காரும். இரண்டும் ஒரே பொய் முகவரிக்கு உரிமை கொண்டாடும். ஸ்விட்ச் அந்த மேக் முகவரியை இந்த போர்ட்டில் ஒருமுறையும் அந்த போர்ட்டில் ஒருமுறையும் பார்த்துத் தலைசுற்றி விழும்.

ஒரு ரூட்டர் மட்டும் இருந்திருந்தால் இந்த நோய் வர வாய்ப்பே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்று ஏற்பாடு பழைய நோய்களில் ஒன்றைக் குணப்படுத்துகிறது, புதிதாக நாலைந்தைக் கொண்டு வருகிறது. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கடவுச்சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. எச்எஸ்ஆர்பியில் எதுவும் மாற்றாமல் விட்டால் கடவுச்சொல் என்ன தெரியுமா? 'சிஸ்கோ'! அதுவும் திறந்த எழுத்தில், யூடிபி 1985ஆம் போர்ட்டில், ஊரறிய ஒவ்வொரு 3 விநாடிக்கும் கத்திக்கொண்டு போகும். அந்த வி-லேனில் மடிக்கணினியைச் செருகிய யாரும் முன்னுரிமை 255 என்று ஒரு பொய் ஹலோ அனுப்பி, மொத்த அலுவலகத்தின் போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்பலாம். அதற்கான கருவிகள் இணையத்தில் இலவசம். விஆர்ஆர்பியோ 2004இல் வந்த ஆர்எஃப்சி 3768இலேயே கடவுச்சொல் வகைகளைக் கழற்றிவிட்டது. அவை உண்மையான பாதுகாப்புத் தரவில்லை, பொருந்தாதபோது இரண்டு தலைவர்களைத்தான் உருவாக்கின என்பது அனுபவத்தில் தெரிந்ததால். நேர்மையான முடிவுதான். ஆனால் அதற்குப் பொருள், கணினிகள் செருகும் போர்ட்டுகளிலிருந்து இந்த ஹலோக்கள் வரவே விடாமல் ஸ்விட்ச்சில் தடுக்க வேண்டும் என்பது. எத்தனை இடங்களில் தடுத்திருக்கிறார்கள்?

இரட்டையர்கள் ஒன்றாகவே சாவார்கள்

இரண்டு பெட்டிகள். ஒரே அலமாரி, ஒரே யூபிஎஸ், ஒரே ஏசி, ஒரே குழாய்க்குள் ஓடும் இரண்டு ஃபைபர். இரண்டிலும் ஒரே மென்பொருள், அதில் ஒரே பிழை. இரண்டுக்கும் ஒரே பொறியாளர், ஒரே கட்டளையை இரண்டிலும் ஒட்டுபவர். இதில் 'இரண்டு' என்பது எங்கே இருக்கிறது?

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் நாடு முழுவதும் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். அவசர உதவிக்கான 911 எண்ணுக்குப் பலரால் அழைக்க முடியவில்லை, கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. அவர்களிடம் மாற்று ரூட்டர்களுக்கா பஞ்சம்? ஒரு பராமரிப்பு வேலையின்போது ஒரு வடிகட்டியை நீக்கியதில், பாதைத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்களை மூழ்கடித்தன. வெள்ளம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மூழ்கடிக்காது. சரிசெய்யப் போன பொறியாளர்களுக்கோ ரூட்டர்களை எட்டவே வழியில்லை. ஏனென்றால் நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தையே நம்பியிருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

"இருந்தாலும், ஒன்றுக்கு இரண்டு நல்லதுதானே?"

இந்தக் கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ரூட்டர் முழுசாகச் செத்துப்போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது ஒழுங்காக அமைத்த இரண்டாவது பெட்டி காப்பாற்றும். அதை மறுக்க முடியாது. ஆனால் 'ஒழுங்காக அமைத்த' என்ற சொல்லில்தான் மொத்தச் செலவும் ஒளிந்திருக்கிறது. இருபது கணினிகள் உள்ள ஒரு சிறிய அலுவலகத்துக்கு, நல்ல ரூட்டர் ஒன்று, அதே கான்ஃபிகரேஷனை ஏற்றி அலமாரியில் வைத்த உதிரி ஒன்று, 'இது செத்தால் வயரை அதில் மாற்று' என்று எழுதி ஒட்டிய ஒரு தாள், இவ்வளவு போதும். அரை மணி நேரம் சேவை நிற்கும். ஆனால் எது எப்படி நின்றது, யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாருக்கும் புரியாத தானியங்கி மாற்றத்தைவிட, புரிந்துகொண்டு செய்யும் கைமாற்றம் எவ்வளவோ மேல்.

"ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் வயரைப் பிடுங்கிச் சோதிப்பதா? ரிஸ்க் ஆச்சே?" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர் தன்னையறியாமல் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறார். மாற்று ஏற்பாடு வேலை செய்யும் என்று உண்மையிலேயே நம்பினால் பிடுங்குவதில் என்ன ரிஸ்க்? ரிஸ்க் என்று தோன்றினால் அந்த ஏற்பாட்டை அவரே நம்பவில்லை என்றுதான் அர்த்தம். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, ஆட்கள் தயாராக இருக்கும்போது, அறிவித்துவிட்டு வரும் தோல்வி ஒன்று. திங்கள் காலை 11 மணிக்கு, பொறுப்பானவர் ஊரில் இல்லாதபோது, சொல்லாமல் வரும் தோல்வி இன்னொன்று. இரண்டில் ஒன்று நிச்சயம் வரும். நெட்ஃப்ளிக்ஸ் இதைப் புரிந்துகொண்டு, தன் சேவையில் ஓடும் இயந்திரங்களைத் தானே கண்டபடி கொல்லும் 'கேயாஸ் மங்கி' என்ற மென்பொருளை எழுதியது, 2012இல் அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் கொடுத்தது. குரங்கு கையில் கொடுக்கும் தைரியம் அவர்களுக்கு இருக்கிறது. வயரைக் கையால் தொடும் தைரியமாவது மற்றவர்களுக்கு வர வேண்டாமா?

ஏட்டுச் சுரைக்காய்

குற்றவாளிக் கூண்டில் பாடத்திட்டத்தையும் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் வேலைக்கு நுழைவுச்சீட்டாகக் கருதப்படும் சிசிஎன்ஏ தேர்வின் 200-301 பாடத்திட்டம், இந்த நெறிமுறைகளின் நோக்கத்தையும் செயல்பாட்டையும் 'விவரி' என்றுதான் கேட்கிறது. அமைத்துக் காட்டு என்று கேட்கவில்லை, உடைத்துக் காட்டு என்பது பேச்சிலேயே இல்லை. மாணவர் 'ஹலோ 3 விநாடி, ஹோல்டு 10 விநாடி, விஆர்ஆர்பி 224.0.0.18, நெறிமுறை எண் 112' என்று ஒப்பிப்பார், மதிப்பெண் வாங்குவார், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவார். 120இல் 10 போனால் 110 என்ற கணக்கு ஒரு விமான நிலையத்தையே படுக்கவைக்கக்கூடியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆய்வக வகுப்பிலும் இதே கதை. இரண்டு ரூட்டர், நான்கு கட்டளை, ஒன்றை அணைத்தால் பிங் இரண்டு மூன்று தவறிப்போய் மறுபடி ஓடும். கைதட்டல். ரெக்கார்டு நோட்டில் 'முடிவு சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்து. சரிபார்த்தது அபூர்வமாக வரும் கண்ணியமான சாவு ஒன்றை மட்டும்தான்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. ஒரு கணினியிலிருந்து வெளியே தொடர்ந்து பிங் ஓடவிட வேண்டும். ஆக்டிவ் ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அது திரும்பி எழும்வரை பார்க்க வேண்டும். பிறகு அதன் வெளிவயரை மட்டும் பிடுங்க வேண்டும். பிறகு வயரை விட்டுவிட்டு, கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் துண்டிக்க வேண்டும். பிறகு இரண்டு பெட்டிகளுக்கும் இடையே உள்ள இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை பிங் தவறியது என்று தேதியோடு எழுதிவைக்க வேண்டும். மென்பொருளை மாற்றினாலோ கான்ஃபிகரேஷனைத் தொட்டாலோ மறுபடி முதலிலிருந்து. மொத்தம் ஒரு மணி நேர வேலை, ஒரு பேனா, ஒரு நோட்டு.

அந்த நோட்டு இருக்கும் இடத்தில் மாற்று கேட்வே இருக்கிறது. நோட்டு இல்லாத இடத்தில் இருப்பது ஒரு ரூட்டரும், மின்சாரம் தின்னும் ஓர் இரும்புப் பெட்டியும்தான். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும், நள்ளிரவில் அவசர எண்ணை அழுத்துபவருக்கும் ஆக்டிவ் என்றால் என்ன, ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. அவர்களுக்காகத் தெரிந்துவைத்திருக்கவும், போய் வயரைப் பிடுங்கிப் பார்க்கவும்தான் பொறியாளருக்குச் சம்பளம்.